மூணுவரி சாரும் வான வாத்தியாரும்

“எந்தக் கடிதமா இருந்தாலும் சரி, முதல் மூணு வரியை மட்டும் எனக்குக் காட்டுங்க. மீதியில என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்றேன். அதுக்கு என்ன பதில்னும் சொல்றேன். இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவை தப்பினதில்ல. இனிமேலும் தப்பாது.”

தொலைக்காட்சி நிலையத்தின் கேன்டீனில், பதினாறு பேர் சாட்சியாக, ஒரு கையில் தேநீரும் மறு கையில் பிஸ்கட்டுமாக நின்று நேயர் கடிதப் பிரிவின் தலைமை எழுத்தர் இப்படிப் பிரகடனம் செய்தார். அன்று அவருக்கு வெள்ளிவிழா. இருபத்தைந்து ஆண்டுச் சேவையைப் பாராட்டி நிர்வாகம் ஒரு சுவர்க் கடிகாரம் வழங்கியிருந்தது. பேட்டரி அதில் சேராது என்பதையும் அதே மேடையில் நிர்வாகம் தெளிவுபடுத்தியிருந்தது.

பிரகடனம் வந்துவிட்டால் சோதனை வராமல் இருக்குமா? ஒலிப்பதிவாளர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். காலையில் அவர் வீட்டுக்கு வந்தது.

“‘அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஆசிகள். இங்கு அனைவரும் நலம். அங்கே வெயில் எப்படி?’ மூணு வரி ஆச்சு. சொல்லுங்க சார், பாக்கலாம்.”

தலைமை எழுத்தர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். “அஞ்சாவது வரியில மாமியாருக்கு முட்டி வலி. ஏழாவது வரியில, உங்க ஊர்ல நல்ல டாக்டர் இருக்காராமேன்னு இருக்கும். கடைசி வரியில ரயில் எத்தனை மணிக்கு வருதுன்னு.”

ஒலிப்பதிவாளர் கடிதத்தைப் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். “காலை ஆறு பத்துக்கு” என்றார். அதற்குப் பிறகு அவர் தேநீரைத் தொடவில்லை.

அன்றிலிருந்து தலைமை எழுத்தருக்கு மூணுவரி சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

அவருடைய தொழில்முறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வருங்காலச் சந்ததிக்குப் பயன்படலாம். காலை ஒன்பதரைக்குத் தபால் மூட்டை அவர் மேசைக்கு வரும். உறையைப் பிரிப்பார். மூன்று வரி படிப்பார். கடிதத்தின் வலது மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எண்களில் ஒன்றைப் போட்டு இடது பக்கம் தள்ளுவார். ஒன்று பாராட்டு. இரண்டு குறை. மூன்று கேள்வி. நான்கு என்பது மேற்படி மூன்றிலும் அடங்காத காதல், மிரட்டல், கவிதை முதலியவை.

இடது பக்கத்தில் அனுப்புகைப் பிரிவு அக்கா உட்கார்ந்திருப்பார். அவர் எண்ணைப் பார்த்து அந்த எண்ணுக்கான அட்டையை எடுத்து, கடிதத்தின் அடியிலிருக்கும் விலாசத்தை அதில் எழுதித் தபாலில் சேர்ப்பார். நான்கு அட்டைகளுக்கும் வாசகம் தயாரித்தவர் மூணுவரி சாரேதான். ஒன்றாம் அட்டை, ‘தங்கள் பாராட்டு எங்களை ஊக்குவிக்கிறது. தொடர்ந்து பாருங்கள்.’ இரண்டாம் அட்டை, ‘தாங்கள் சுட்டிய குறை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.’ உரியவர்கள் யார் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் அட்டை, ‘தங்கள் கேள்விக்கான விடை இனி வரும் பகுதிகளில் இடம்பெறும்.’ நான்காம் அட்டை, ‘தங்கள் கடிதம் கிடைத்தது.’ அவ்வளவுதான். நான்குக்கும் கீழே அவருடைய சுருக்கொப்பம் அச்சாகியிருக்கும்.

மாதக் கடைசியில் எத்தனை ஒன்று, எத்தனை இரண்டு என்று ஒரு கணக்கு இயக்குநர் அறைக்குப் போகும். கடிதங்கள் வெள்ளிக்கிழமைதோறும் பழைய காகிதக்காரரின் வண்டிக்குப் போகும்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த உலகத்தில்தான் வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு வானம் வந்து விழுந்தது.

வானவியல் தொடருக்கு யாரும் பெரிய வரவேற்பை எதிர்பார்க்கவில்லை. சந்தை நிலவரத்துக்கும் ஒரு குடும்பத் தொடருக்கும் நடுவில் அரை மணி நேரம் காலியாக இருந்தது. அதை அடைக்க, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவருக்குக் காதுகள் பெரியவை. வாரம் தவறாமல் அதே பழுப்பு ஸ்வெட்டர். பெரிய எண் எதையாவது சொல்லும் முன் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். பிறகு அந்த எண்ணை, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெதுவாகச் சொல்வார். மூன்றாவது வாரத்துக்குள் ஊரே அவரை வான வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஆறாவது வாரத்தில் தபால் மூட்டை மூன்றாகியது.

மக்கள் எழுதினார்கள். முடிதிருத்துபவர் ஒருவர், வாத்தியாரின் வலது காதுக்கு மேல் அரை விரல் முடி கூடுதலாக விடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, இந்தக் காரியத்தைச் செய்தவன் தொழிலுக்கே களங்கம் என்று கொதித்தார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்கிறீர்கள், எங்கள் தெருவை மட்டும் விரிவாக்க இடமில்லை என்று நகராட்சியில் சொல்கிறார்கள், யார் சொல்வது உண்மை என்று ஒருவர் கேட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி, கருந்துளையின் மீது இவ்வளவு குற்றம் சாட்டிவிட்டு அதன் தரப்பைக் கேட்காமல் நிகழ்ச்சியை முடித்தது நியாயமா என்று ஐந்து பக்கம் எழுதினார். ஜோதிடர்கள் சங்கம் பதினொரு பக்கத்தில் எச்சரிக்கை விடுத்தது. ஒரு குடும்பத்தலைவர், ‘அவர் மூச்சு இழுக்கும்போது எங்கள் வீட்டில் ஏழு பேரும் சேர்ந்து இழுக்கிறோம், என் தகப்பனாருக்கு ஆஸ்துமா, தயவுசெய்து சின்ன எண்களாகச் சொல்லவும்’ என்று மன்றாடினார். ஒரு பெண்மணி எழுதியது இரண்டே வரி: ‘என் கணவர் ஆறு வருடமாக என்னிடம் பேசுவதில்லை. சனியின் வளையத்தைக் காட்டியபோது, அடேயப்பா என்றார்.’

எல்லாவற்றுக்கும் அட்டை போயிற்று. அடேயப்பாவுக்கு ஒன்றாம் அட்டை.

இதில் ஒரு விசேஷம், வாத்தியாரைப் பற்றி ஊரில் எல்லோரையும்விட அதிகமான கருத்துகளைக் கையாண்ட மூணுவரி சார், அந்த நிகழ்ச்சியில் ஒரு முழுப் பகுதியையும் பார்த்ததில்லை. வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. வியாழக்கிழமை ஏழரைக்கு அது ஓடவும் செய்தது. அவர் அதற்கு எதிரே, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் தையல் இயந்திரம், எதிரே அலமாரியில் தொலைக்காட்சி, நடுவில் அவருடைய நாற்காலி. அவர் மனைவி ஆயத்த ஆடைக் கடை ஒன்றுக்குச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பித்தான் வைத்துக் கொடுப்பாள். மற்ற நாட்களில் திரையில் கொலையே நடந்தாலும் அவள் கை நிற்காது. வியாழக்கிழமை மட்டும் ஏழு இருபத்தைந்துக்கு இயந்திரத்தை நிறுத்தி, உறையைப் போட்டு மூடி, முக்காலியை இழுத்துத் திரைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்காருவாள். வாத்தியார் மூச்சு இழுத்தால் அவளும் இழுப்பாள்.

ஒருநாள் கேட்டாள்: “ஏங்க, அவரு ஆபீஸ்ல உங்களோட பேசுவாரா?”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்றது செய்தித்தாள்.

“இல்ல, கேட்டேன். அவருக்கு வர்ற கடிதமெல்லாம் நீங்கதானே பிரிக்கறீங்க?”

“நான்தான். பின்ன யாரு?”

“எல்லாத்தையும் படிப்பீங்களா?”

“அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க” என்றார். கேன்டீனில் செய்த பிரகடனத்தை அவர் வீட்டில் செய்திருக்கவில்லை. பெருமையை வெளியே செலவழித்துவிட்டு வெறும் பையோடு வீடு திரும்பும் ஆண்களின் சங்கத்தில் அவரும் ஓர் ஆயுள் உறுப்பினர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த அதிகாரி அந்த வீட்டில் ‘குழந்தைகள்: இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியது சரி. பதினேழு வருடங்களுக்கு முன் ஒரு பையன் பிறந்து நாற்பத்தொரு நாள் இருந்தான். நாற்பத்தொரு நாளுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அந்த வீட்டுப் பேச்சிலும் கிடையாது. யாரும் பேசக் கூடாதென்று தடை போடவில்லை; முதல் வாரம் அவள் அழுதுகொண்டிருந்ததால் அவர் பேசவில்லை, இரண்டாம் வாரம் அவர் வேலைக்குப் போய்விட்டதால் அவள் பேசவில்லை, பிறகு இருவருக்கும் அதுவே பழகிவிட்டது.

தொடரின் பத்தாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூணுவரி சாரின் சட்டைப் பித்தான் ஒன்று தெறித்து உருண்டு தையல் இயந்திரத்துக்கு அடியில் போயிற்று. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவர் குனிந்தார். இயந்திரத்தின் ஒரு கால் எப்போதும் சற்றுக் குட்டை. ஆடாமல் இருக்க அதற்கடியில் ஏதாவது மடித்து வைத்திருப்பாள். இந்தத் தடவை வைத்திருந்தது நான்காக மடித்த ஓர் அட்டை. அதன் ஓரத்தில் நிலையத்தின் முத்திரை தெரிந்தது.

உருவினார். இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிரித்தார்.

தங்கள் பாராட்டு எங்களை ஊக்குவிக்கிறது. தொடர்ந்து பாருங்கள்.

கீழே அவருடைய சுருக்கொப்பம். மறுபக்கம் அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் அவருடைய வீட்டு எண், அவருடைய தெரு, அவருடைய மனைவியின் பெயர். தபால் முத்திரைக்கு மூன்று வாரம் வயது.

அலுவலகத்தில் அவள் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் சாரோட வீட்டம்மா. அவர் வீடு எந்தத் தெருவில் என்பதும் அக்காவுக்குத் தெரியாது. ஆகவே அக்காமேல் தவறில்லை. அவருக்கோ மனைவியின் கையெழுத்து தெரியும், ஆனால் சோப்பு அரை டஜன், ஊசி இரண்டு என்று கிறுக்கிய துண்டுச் சீட்டுகளில்தான். கோடு போட்ட தாளில் நிறுத்தி நிதானமாக எழுதினால் அவள் எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வந்திருக்கிறது, மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை ஏதோ ஒரு நிமிடத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறது. மூன்று வரிக்குக் கீழே அவர் கண் போனதில்லை. பெயர் கடைசியில்தானே இருக்கும்.

முதலில் அவர் தன் முறைப்படியே யோசித்தார். ஒன்றாம் அட்டை போயிருக்கிறது என்றால் பாராட்டு. பாராட்டு என்றால் மீதியும் பாராட்டு. பாராட்டி எழுதியவளுக்கு நன்றி சொல்லி அட்டை வந்திருக்கிறது. இதில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் அதை நான்காக மடித்து இயந்திரத்தின் காலுக்கடியில் வைத்தாள்?

அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலுக்கடியில் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

திங்கட்கிழமை அவர் கட்டுகளைக் கிளறுவதை அலுவலகம் வரலாற்றில் முதல் தடவையாகக் கண்டது. மூன்று வாரத்துக்கு முந்திய கட்டு எப்படி இருக்கும்? மதியம் பழைய காகிதக்காரரின் கிடங்குக்கே போனார். காகிதக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார். என்ன, முக்கியமான பைல் ஏதாவது மாறி வந்துடுச்சா?”

“ஒரு கடிதம்.”

“உங்க ஆபீஸ்லேர்ந்து வர்றதெல்லாம் கடிதம்தான் சார். எந்தக் கடிதம்?”

அவருக்கு உறையின் நிறம் தெரியாது, தாளின் அளவு தெரியாது, உள்ளே இருந்தது தெரியாது. “கோடு போட்ட தாளா இருக்கலாம்” என்றார்.

“மூணு வாரச் சரக்கு ஆலைக்குப் போய், ஊறி, அரைச்சு, அட்டைப்பெட்டியாவே ஆகியிருக்கும் சார். ஒருவேளை உங்க வீட்டுக்கே பிஸ்கட் பெட்டியா வந்திருக்கும்.” காகிதக்காரர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, எதிராளி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “படிச்சப்புறம்தானே சார் போடுவீங்க?”

“ஆமா” என்றார் மூணுவரி சார். “படிச்சப்புறம்தான்.”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் வீட்டுக்குப் போய், என்னம்மா எழுதினே என்று கேட்டிருப்பான். மூணுவரி சார் சாதாரணமானவர் அல்ல. அவரிடம் ஒரு திறமை இருந்தது. மூன்று வரி கையில் இல்லாவிட்டால் என்ன, எழுதியவளைத் தெரியாதா? இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே! அவர் யோசித்தார். பெண் நேயர்கள் வாத்தியாரிடம் மூன்று விஷயம் கேட்பார்கள். ஸ்வெட்டர் யார் பின்னியது, உடம்பு எப்படி இருக்கிறது, தொடர் அடுத்த வருடமும் வருமா. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. மீதிப் பத்து கவிதை. அவர் மனைவி கவிதை எழுதமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், நிலையத்தின் தாளில், வாத்தியார் எழுதுவதுபோல அவரே தட்டச்சு செய்தார். ‘அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் கடிதத்தைத் தனிப்பட்ட முறையில் படித்தேன். ஸ்வெட்டரை என் தங்கை பின்னிக் கொடுத்தாள். என் உடல்நலம் நன்றாக உள்ளது. தங்களைப் போன்றோரின் அன்பு இருக்கும்வரை தொடர் தொடரும்.’ ‘தொடர் தொடரும்’ என்ற இடத்தில் அவருக்கே கொஞ்சம் நெகிழ்ச்சியாக இருந்தது. வாத்தியாரின் புகைப்படம் ஒன்றையும் சேர்த்து உறையிலிட்டு, தானே ஒட்டி, தானே தபாலில் போட்டார். வாத்தியார் அப்போது இரண்டு மாடி கீழே ஒப்பனை அறையில் காதுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்பது யாருக்கும் தோன்றியிருக்கும். கேட்க என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு.

கடிதம் வியாழக்கிழமை சேர்ந்தது. அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் கதவருகே நின்றபடி படித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதில் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

“யார் கடிதம்?”

“டிவி ஆபீஸ்லேர்ந்து.”

“அடடே. என்னவாம்?”

“அவரோட ஸ்வெட்டரை அவரு தங்கச்சி பின்னிக் குடுத்தாங்களாம்.”

“நல்ல விஷயம்தானே.”

“ஆமா” என்றாள். “நல்ல விஷயம்தான்.”

கடிதத்தை உறைக்குள் போட்டாள். புகைப்படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அதையும் போட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

ஏழு இருபத்தைந்து ஆயிற்று. இயந்திரம் நிற்கவில்லை. ஏழரை ஆயிற்று.

“மணி ஏழரை” என்றார் அவர்.

“தெரியும்.”

“போடலயா?”

“நாப்பது சட்டை இருக்கு. நாளைக்குக் கேப்பாங்க.”

“போன வாரமும்தான் நாப்பது இருந்துச்சு.”

“போன வாரம் பாத்தேன்” என்றாள்.

அவரே எழுந்துபோய்ப் போட்டார். எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்பதே சரியாகத் தெரியாமல் இரண்டு தடவை, இன்னும் முடியாத சந்தை நிலவரத்தின் சத்தத்தைக் கூட்டினார். வாத்தியார் வந்தார். செய்தித்தாள் இல்லாமல் மூணுவரி சார் அவரை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காது நிஜமாகவே பெரிதாகத்தான் இருந்தது. முடிதிருத்துபவர் சொன்னதும் சரி. வாத்தியார் ஏதோ ஒரு தூரத்தைச் சொல்லப் போனார்; கண்ணை மூடி மூச்சு இழுத்தார். மூணுவரி சார் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு எப்போதும்போல வந்து போயிற்று. வாத்தியார் சொன்ன எண் யாருமில்லாத முக்காலியின் மேல் போய் விழுந்தது.

வாரத்துக்கு அரை மணி நேரம் அவள் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அதைத் தன் சிவப்புப் பென்சிலாலும் பொய்க் கடிதத்தாலும் எடுத்துவிட்டோம் என்பது மட்டும் அவருக்கு அப்போது புரிந்தது. ஏன் என்று இன்னும் புரியவில்லை. தொலைக்காட்சியை அணைத்தார். சட்டைப்பையிலிருந்து நான்கு மடிப்பு விழுந்த அட்டையை எடுத்து இயந்திரத்தின் பலகைமேல் வைத்தார்.

“இது எங்க ஆபீஸ் கார்டு.”

“ஆமா.”

“எனக்குத் தெரியாம எழுதியிருக்கே.”

இயந்திரம் நின்றது. “உங்களுக்குத் தெரியாமலா?” என்றாள். “அங்க உறையைப் பிரிக்கறது யாரு? நீங்கதானே? எல்லாத்தையும் படிப்பீங்களான்னு கேட்டுக்கிட்டுத்தானே எழுதினேன்.”

அவர் அட்டையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தார்.

“உங்ககிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. பதினேழு வருஷமா வரல. நான் ஆரம்பிச்சா நீங்க பேப்பரைத் தூக்கிடுவீங்க. சரி, தபால்ல போட்டா ஆபீஸ்ல உக்காந்து படிப்பீங்க, அங்க ஓட முடியாதுன்னு நெனச்சேன். அவருக்குக் கேள்வி, உங்களுக்குச் சேதி. ஒரே தபால்தலை.” சிரிக்க முயன்றாள். “அன்னிக்கு சாயந்திரம் நீங்க வந்ததும் முகத்தையே பாத்தேன். செருப்பைக் கழட்டினீங்க, தண்ணி கேட்டீங்க. அடுத்த நாளும் தண்ணிதான் கேட்டீங்க. மூணாம் நாள் கார்டு வந்துச்சு.”

“நான் படிக்கல” என்றார்.

“தெரியும்.”

“முழுசாப் படிக்கல. மேல கொஞ்சம்தான் படிப்பேன். எல்லாமே அப்படித்தான்.”

“அதுவும் இன்னிக்கு வந்த கடிதத்துல தெரிஞ்சுபோச்சு. ஸ்வெட்டராம்.”

அவர் முக்காலியை இழுத்து இயந்திரத்தின் பக்கம் போட்டு உட்கார்ந்தார். அது அவருக்கு உயரம் போதவில்லை. முழங்கால் மார்புவரை வந்தது. கேன்டீன் பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருக்கும்.

“என்ன எழுதியிருந்தே?”

“விடுங்க. ஒரு தடவை எழுதியாச்சு.”

“அது இப்ப இல்ல. தேடிப் பாத்தேன். அரைச்சுட்டாங்க.”

அவள் ஒரு சட்டையை எடுத்து, பித்தான் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

“‘ஐயாவுக்கு வணக்கம். உங்கள் நிகழ்ச்சியை வாரம் தவறாமல் பார்க்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்படி சொல்கிறீர்கள், மிக்க நன்றி.’”

நிறுத்தினாள். மூன்று வரி முடிந்திருந்தது. கீழ்த் தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

“அப்புறம்?” என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. “போன வாரம் நீங்க சொன்னீங்க, ஒரு பொருள் மேல பட்டுத் திரும்பற வெளிச்சம் எங்கயும் நிக்காது, குறுக்க எதுவும் இல்லைன்னா போய்க்கிட்டே இருக்கும்னு. அதுல எனக்கு ஒரு சந்தேகம்னு எழுதினேன்.”

“அப்புறம்?”

“எங்க பையனுக்குப் பிறந்தப்ப மஞ்சக்காமாலை. காலை வெயில்ல கால் மணி நேரம் காட்டச் சொன்னாங்க டாக்டர். ஒன்பது நாள் அவனைத் துணியெல்லாம் எடுத்துட்டு மொட்டை மாடியில வெச்சுக்கிட்டு நின்னேன். அவன் போட்டோ எங்ககிட்ட இல்ல. எடுக்கல. அவ்வளவுதான் எழுதினேன். யாரு எதுக்காக வேண்டாம்னு சொன்னாங்கன்னெல்லாம் எழுதல.”

கழுத்து நிற்கட்டும், மூன்றாம் மாதம் நல்லதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது மூணுவரி சார். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

“அப்புறம்?” என்றார்.

“அந்த வெயில் அவன் மேல பட்டுத் திரும்பி மேல போயிருக்கும் இல்ல? பதினேழு வருஷமாச்சு. இப்ப அது எங்க போயிருக்கும்? அந்தத் தூரத்துல நட்சத்திரம் ஏதாவது இருக்கா? இருந்தா அதுக்குப் பேரு என்ன? எங்க மாடியிலேர்ந்து பாத்தா தெரியுமா? இதுதான் என் கேள்வி. தொந்தரவுக்கு மன்னிக்கணும். கீழ பேரு, விலாசம்.”

ஊசியில் நூலைக் கோக்கப் போனாள். கோக்க முடியவில்லை. ஊசியைப் பலகைமேல் இருந்த அட்டையில் குத்தி வைத்தாள்.

“உங்ககிட்ட நாலு கார்டு இருக்கே. இதுக்கு எது?”

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“தெரியல” என்றார் அவர்.

அவர் முக்காலியில் குறுகி உட்கார்ந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அப்பல்லாம் நான் எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன். வெயில்ல அவனை நான் பாத்ததே இல்ல. அழுவானா?”

“இல்ல. கண்ணை மட்டும் இறுக்கி மூடிப்பான்.”

“தினமுமா?”

“ஒரு நாள் திறந்தான்.”

“எந்த நாள்?” என்று கேட்டார்.